பூத்தண்ணி

சேவுகம்பட்டிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி மல்லிகை போட்டிருக்கும் வேலுசாமி வீட்டில் மூன்று வருடமாக ஒரு சொல் புழங்குவதில்லை. மருந்து என்பதுதான் அந்தச் சொல். தலைவலிக்குப் போட்டுக்கொள்வது அங்கே மாத்திரை. இருமலுக்குக் குடிப்பது டானிக். பட்டிவீரன்பட்டியில் போய் அவற்றை வாங்கும் கடை மெடிக்கல். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் உள்ளங்கையில் உருட்டிக் கொடுப்பது லேகியம். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மல்லிகைச் செடிக்கு அடிப்பதற்கு மட்டும் வேறு பெயர் அகப்படாமல் கொஞ்ச நாள் திண்டாடினார்கள். கடைசியில் வேலுசாமிதான் "பூத்தண்ணி" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

சட்டம் போட்டவள் அவர் மனைவி கண்ணம்மாள். அவளுக்குப் பொம்மையன் என்று ஒரே தம்பி. அக்கா வீட்டோடு இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு பங்குனி மாதம் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். செடிக்கு வைத்திருந்ததைக் குடித்துவிட்டான். ஏன் குடித்தான் என்பது இன்றுவரை யாருக்கும் முழுசாக விளங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அந்த ஏன் பெரிதாகப் படவும் இல்லை. செம்பை வாங்கி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வந்தவர் எல்லோரும் ஒன்றுபோல மூன்று கேள்வி கேட்டார்கள்.

"என்ன மருந்து?"

"எம்புட்டுக் குடிச்சான்?"

"எப்பக் குடிச்சான்?"

பதிலைத் தெரிந்துகொண்டு அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. போகிற வழியில் அடுத்தவருக்குச் சொல்லலாம், அவ்வளவுதான். கண்ணம்மாள் முதலில் அழுதுகொண்டே பதில் சொன்னாள். பிறகு அழாமல் சொன்னாள். காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று, தூரத்து உறவில் ஒரு பெரியப்பா மறுபடியும் "ஆமா, என்ன மருந்துன்னு சொன்னீக?" என்று ஆரம்பித்தபோது, அவர் கையிலிருந்த காபி டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேச்சை எவனும் எடுக்கக் கூடாது" என்றாள். யாரும் எடுக்கவில்லை.

பேச்சு நின்றது. ஆனால் மோட்டார் ரூம் அங்கேயேதான் நின்றது. மல்லிகை மொட்டு வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டிய சரக்கு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பாத்திக்குள் இறங்க வேண்டும். பாத்திக்குப் போகிற வரப்போ மோட்டார் ரூம் கதவை உரசிக்கொண்டுதான் போகிறது. கண்ணம்மாளால் அதைத் தாண்ட முடியவில்லை. வரப்பு முனைவரை வருவாள், நிற்பாள், திரும்பிப் போய்விடுவாள். பறிக்க வரும் பெண்கள் பார்த்தும் பாராததுபோல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளைக் கடந்து போவார்கள்.

அவளைத் தாண்ட வைத்தது ஒரு நாய். கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் வேலுசாமியின் காலைச் சுற்றிவந்து, பூக்கூடை ஏற்றும் வண்டியில் அதுவாகவே ஏறிக்கொண்ட குட்டி அது. தும்மினால் கோலி சோடா உடைத்த மாதிரிச் சத்தம் வரும். அதனால் சோடா என்று பெயர் விழுந்தது. ஒருநாள் இருட்டில் அது அவளுக்கு முன்னால் ஓடி, மோட்டார் ரூம் கதவடியில் மூக்கை வைத்து முகர்ந்து, காலைத் தூக்கி ஒன்றுக்கு இருந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தது. கண்ணம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கதவைக் கடந்துவிட்டாள். அன்றிலிருந்து சோடா முன்னால் போகும், அவள் பின்னால் போவாள். சோடா இல்லாமல் அவள் ஒருநாளும் அந்த வரப்பில் கால் வைத்ததில்லை.

இந்த ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்ததும் சோடாவின் மேல் உண்ணி ஏறியது. காது மடலுக்குள் ஆமணக்குக் கொட்டை மாதிரிக் கொத்தாகத் தொங்கியது. கால் விரல் இடுக்கில் சிறிது சிறிதாக அப்பியிருந்தது. கண்ணம்மாள் மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் வைத்து நசுக்குவாள். மறுநாள் அதே இடத்தில் புதிதாக நிற்கும். சோறு வைத்தால் சோடா முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வரப்பில் முன்னால் ஓடுகிற ஓட்டம் நடையாயிற்று. நடை, நின்று நின்று போவதாயிற்று.

"மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவமா?" என்றாள்.

"நாய்க்கு உண்ணி ஏறுறதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? நம்ம தலையில பேன் ஏறுனா ஆம்புலன்சுக்கா போன் போடுறோம்?" என்றார் வேலுசாமி. பூவுக்கு நல்ல விலை போகிற நேரம் அது. அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

அன்று சாயங்காலம் அவர் நாலு பாத்திக்குப் பூத்தண்ணி அடித்துவிட்டு, டேங்கைக் கழுவாமல் கிணற்றடியில் வைத்துவிட்டு, டீக் குடிக்கப் போனார். டேங்க் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. கண்ணம்மாள் அதைப் பார்த்தாள். மல்லிகை இலைக்கு அடியில் இலைப்பேன் அப்பிக்கிடந்தால் இதை அடித்த மறுநாள் உதிர்ந்து போகிறது. இலையில் இருக்கிற பேன் சாகும்போது காதில் இருக்கிற உண்ணி சாகாதா? குடிக்கவா கொடுக்கப் போகிறோம், மேலுக்குத்தானே. ஒரு பழைய சேலைத் துணியைக் கிழித்து, அதில் நனைத்து, காது, கழுத்து, வயிறு, விரலிடுக்கு என்று ஓர் இடம் விடாமல் பாங்காகத் துடைத்துவிட்டாள். சோடா கண்ணை மூடிக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். செய்ததை வேலுசாமியிடம் சொல்லக்கூட இல்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

விடியலில் விளக்கைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டபோது சோடா எழுந்திருக்கவில்லை. வாலை மட்டும் ஒருதரம் தரையில் தட்டியது.

கண்ணம்மாள் விளக்கை அவிழ்த்தாள். "நான் இன்னிக்கு வரல. இதைத் திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றாள். உள்ளூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் மலையடிவாரத்தில் நடக்கும் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். வேலுசாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பூ ஏற்றிப்போன குட்டியானை வண்டி திரும்பி வந்ததும், அதிலேயே சாக்கு விரித்து நாயைப் படுக்க வைத்துக்கொண்டு இருவரும் ஏறினார்கள்.

திண்டுக்கல்லில் நாய்க்கென்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் ரஃபியாவின் கிளினிக் ஒரு சந்துக்குள் இருந்தது. வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல், டிரைவருக்கு வழி காட்ட வேலுசாமி அவனோடேயே போய்விட்டார். கண்ணம்மாள் சோடாவை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்தனிஸ்லாஸ் என்பவர், வெள்ளைவெளேரென்று ஒரு சடை நாயைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"உண்ணியா?" என்றார். "எங்க டெய்சிக்கு உண்ணியே ஏறாதும்மா. ஏன்னு கேளுங்க. அவ தரையில காலே வைக்கிறதில்ல."

"பெறகு எங்க வைக்கும்?"

"சோபாவுல. கட்டில்ல. என் மேல. காலையில எனக்குக் காபி வருதோ இல்லையோ, அவளுக்குப் பாலும் பிஸ்கட்டும் வந்தாகணும். ஞாயித்துக்கிழமை பிரியாணி. சும்மா சொல்லக் கூடாது, எலும்பைக்கூட விட மாட்டா."

உள்ளிருந்து டாக்டர் ரஃபியா எட்டிப்பார்த்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் சுற்றிய துணியின் நுனியைக் கழுத்தில் செருகியிருந்தாள்.

"சார், தூக்கிட்டு வந்திருக்கது நாயா, தலகாணியா?" என்றாள். "ராத்திரியில இருமுதுன்னு போன்ல சொன்னீங்கள்ல? அம்புட்டுக் கொழுப்பையும் சேர்த்து அந்தச் சின்ன இருதயம்தான் சுமக்குது. பிஸ்கட்டை நிறுத்துங்க. பிரியாணி எலும்பையும் நிறுத்துங்க. வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைஞ்சு குடலைக் குத்தும். அதுல கிடக்கிற வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும்."

"பூண்டு வாயுவுக்கு நல்லதுன்னு..."

"உங்க வாயுவுக்கு நல்லது. நீங்க சாப்பிடுங்க." கண்ணம்மாளின் மடியைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "நீங்க செத்த நேரம் இருங்க சார். அம்மா, நீங்க வாங்க."

மேசைமேல் கிடத்தியதும் ரஃபியா சோடாவின் உதட்டை விலக்கி ஈறைக் காட்டினாள். "ரோஸ் கலர்ல இருக்கணும். சுவர் மாதிரி வெளுத்திருக்கு பாருங்க. இது உண்ணிக் காய்ச்சல்மா. உண்ணி ரத்தத்தைக் குடிக்கிறதோட நிக்காது, கிருமியையும் உள்ள விட்டுட்டுப் போகும். சோறு எடுக்காது, சோர்ந்து படுக்கும், சிலதுக்கு மூக்குல ரத்தம்கூட வரும். எத்தனை நாளா சாப்பிடல?"

"நாலஞ்சு நாளா மோந்து பார்த்துட்டுப் போயிருது டாக்டரம்மா."

"அப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும். மனுசங்களுக்குக் குடுக்கிற காய்ச்சல் மாத்திரை எதையும் குடுக்கலையே?"

"இல்லம்மா."

"நல்லது. பாதிப் பேர் அதைக் குடுத்து ஈரலைக் கெடுத்துட்டுத்தான் இங்க வர்றாங்க." அவள் காது மடலைப் புரட்டினாள். புருவம் சுருங்கியது. "கொஞ்சம் உண்ணி செத்து ஒட்டிக்கிட்டு இருக்கே. மேலுக்கு ஏதாச்சும் மருந்து போட்டீங்களா?"

அந்தச் சொல் கண்ணம்மாளின் நெற்றியில் யாரோ விரலால் சுண்டியதுபோல் விழுந்தது. கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. "அதெல்லாம் எங்க வீட்ல கிடையாதும்மா. சும்மா பூத்தண்ணி தொட்டுத் தொடச்சு விட்டேன்."

"பூ ஊறின தண்ணியா? வெளிய பேரு எழுதும்போது பூ விவசாயம்னு சொன்னீங்கள்ல," என்றாள் ரஃபியா, ஊசியில் ரத்தம் எடுத்துக்கொண்டே. "அது ஒண்ணும் பண்ணாது, போகட்டும்."

அது ஒன்றும் பண்ணாது என்று டாக்டரே சொல்லிவிட்டதில் கண்ணம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது.

காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டு, முன்னங்காலில் டிரிப் ஏற்றி, பக்கத்து அறையில் ஒரு பாயில் சோடாவைக் கிடத்தினார்கள். கண்ணம்மாள் அதன் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே ஸ்தனிஸ்லாஸ் டெய்சிக்காக வாதாடிக்கொண்டிருப்பது கேட்டது. ஒரு பிஸ்கட் மட்டும், அதிலும் பாதி, அதுவும் தண்ணீரில் நனைத்து, என்று பேரம் போய்க்கொண்டிருந்தது.

ஊசி போட்டால் தேறும் என்று அவள் நினைத்திருந்தாள். தேறவில்லை. வாயோரம் கயிறு மாதிரி எச்சில் இறங்கியது. துடைத்தால் மறுபடி இறங்கியது. கண்ணில் நீர் கோத்தது. படுத்த இடத்திலேயே கழிந்துவிட்டது. அவள் அதைத் துணியால் வாரிக்கொண்டிருக்கும்போது, சோடாவின் தொடைச் சதை தானாகத் துடிப்பதைப் பார்த்தாள். கையை வைத்துப் பார்த்தாள். மோட்டார் ஓடும்போது குழாயில் கை வைத்தால் உள்ளுக்குள் ஒரு அதிர்வு ஓடுமே, அது மாதிரி ஓடியது.

"டாக்டரம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் டெய்சி குரைத்தது.

ரஃபியா ஓடிவந்து மண்டியிட்டாள். அப்போதுதான் வண்டியை எங்கோ விட்டுவிட்டு வேலுசாமியும் உள்ளே வந்தார். ரஃபியா டார்ச்சை அடித்து நாயின் கண்ணைப் பார்த்தாள். கருமணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"இது உண்ணிக் காய்ச்சல் மட்டும் இல்ல," என்றாள். "இருதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. நெஞ்செல்லாம் சளி மாதிரி கட்டுது. ஏதோ விஷம் ஏறியிருக்கு. எலிக்கு ஏதாச்சும் வச்சீங்களா? அக்கம்பக்கத்துல யாரும் நாய்க்கு எதையும் கலந்து போட்டாங்களா?"

"எங்க சோடாவுக்கு யாரு பகையாளி?" என்றார் வேலுசாமி. "ராத்திரி வீட்டுக்குள்ளதான் கிடந்துச்சு. வெளிய ஒண்ணும் திங்கல."

"திங்க வேண்டாங்க. தோல் வழியாகூட ஏறும். மேல எதையாவது ஊத்தினீங்களா, தடவினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சா அதை முறிக்கிற மாத்து ஊசி இருக்கு. தெரியாம நான் கண்டதையும் குத்த முடியாது."

கண்ணம்மாளுக்குக் கோபம்தான் வந்தது. "அதான் வந்ததுமே சொன்னேனேம்மா. பூத்தண்ணி தொடச்சு விட்டேன்னு. நீங்கதான அது ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீக?"

வேலுசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வியர்வை அப்படியே உறைந்த மாதிரி இருந்தது.

"பூத்தண்ணியவா தொடச்ச?" என்றார்.

"ஆமா, டேங்க் அடியில கிடந்துச்சு..."

"பூத்தண்ணின்னா என்னங்க?" என்றாள் ரஃபியா. அவள் வேலுசாமியைப் பார்த்துக் கேட்டாள்.

வேலுசாமி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. தெரியாமல் அல்ல. மூன்று வருடமாக அந்தச் சொல் வரும்போதெல்லாம் நாக்கை மடித்து மடித்துப் பழகிய மனுசன். அதை அவிழ்த்துவிட வேண்டியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். உத்தரவு கேட்கிற பார்வையாக இருந்தது அது.

கண்ணம்மாளுக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது. அது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? தம்பியைக் கொண்டுபோனது எது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் பெயரை மாற்றி வைத்து மூன்று வருடம் அழைத்ததில், அது அவள் மனசுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகவே ஆகிவிட்டிருந்தது. பாட்டிலில் இருந்ததன் குணம் மாறவில்லை. அவளுடைய பயம்தான் மாறியிருந்தது. தம்பியின் சாவைக் கண்ணில் படாமல் மூடி வைக்க இட்ட பெயரையே துணியாக எடுத்து, அவளே நனைத்து, இந்த வாயில்லாச் சீவனின் காதைத் துடைத்துவிட்டிருக்கிறாள்.

சோடாவின் தொடை அவள் உள்ளங்கைக்கு அடியில் துடித்தது.

"மருந்து," என்றாள்.

ரஃபியாவைப் பார்த்து மறுபடி சொன்னாள். "பூவுக்கு அடிக்கிற பூச்சி மருந்தும்மா. மருந்தைத்தான் தொடச்சு விட்டேன்."

ரஃபியா ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. அலமாரியை நோக்கித் திரும்பியபடியே கேட்டாள்.

"என்ன மருந்து?"

வேலுசாமி பெயரைச் சொன்னார்.

"எம்புட்டுப் பட்டிருக்கும்?"

"காது, கழுத்து, வயிறு, காலு, எல்லா இடமும்மா. துணி சொட்டச் சொட்ட நனைச்சுத் தொடச்சேன்."

"எப்ப?"

"நேத்துப் பொழுது விழுகுற நேரம். விளக்கு வைக்கிறதுக்குச் செத்த முன்னாடி."

துக்க வீட்டில் கேட்ட அதே மூன்று கேள்விகள்தான். வரிசைகூட மாறவில்லை. அங்கே கேட்டவர்கள் பதிலை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்கள். இவள் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு காரியம் செய்தாள். பெயரைச் சொன்னதும் மாற்று ஊசியை எடுத்தாள். எல்லா இடமும் என்றதும் உதவிக்கிருந்த பெண்ணிடம் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கொண்டுவரச் சொன்னாள். நேரத்தைச் சொன்னதும் ஊசியின் அளவைக் கொஞ்சம் கூட்டி ஏற்றினாள். கேள்வியில் குற்றமில்லை என்று கண்ணம்மாளுக்குப் பட்டது.

"தோல்ல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, உடனே கழுவணும். இந்தாங்க, கையுறை மாட்டிக்கிட்டுத் தொடுங்க. நேத்து வெறுங்கையாலயா தொடச்சீங்க? உங்களுக்குத் தலைவலி, வயித்தப் புரட்டல் ஏதும் இருக்கா?"

"காலையில இருந்து லேசா தலை பாரமா இருக்கு. வெறும் வயிறுன்னு நினைச்சேன்."

"இங்க முடிஞ்சதும் நீங்களும் ஒரு டாக்டரைப் பார்த்துட்டுத்தான் ஊருக்குப் போறீங்க. ஐயா, கேட்டுக்கிட்டீங்களா?"

"ஆகட்டும்மா," என்றார் வேலுசாமி. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

டிரிப் ஏறிய கால் நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் டெய்சியைப் பெஞ்சில் விட்டுவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். டெய்சி முதல்முறையாகத் தானே தரையில் இறங்கி, வாசலில் நின்று எட்டிப்பார்த்தது. நுரை போட்டுக் கழுவி, ஊற்றி, மறுபடி நுரை போட்டார்கள். கண்ணம்மாள் காது மடலை விரித்து, விரலிடுக்கைப் பிரித்து, நேற்றுத் துடைத்த அதே இடங்களை வரிசை பிசகாமல் கழுவிக்கொண்டு வந்தாள். நக்கிவிடாமல் இருக்கச் சோடாவின் கழுத்தில் பிளாஸ்டிக் குடை ஒன்றை மாட்டினார்கள். ரஃபியா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பதும், மறுபடி ஊசி ஏற்றுவதுமாக இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் சதைத் துடிப்பு அடங்கியது. எச்சில் நின்றது. சோடா கண்ணைத் திறந்து, குடைக்குள்ளிருந்து எல்லோரையும் அன்னியர்போலப் பார்த்தது.

"பிழைச்சிருமா?" என்று வேலுசாமிதான் கேட்டார்.

"விஷம் இறங்குது. ஆனா ரத்தமும் கம்மியா இருக்கு, காய்ச்சலும் இருக்கு. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும், அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல மாட்டேன்." ரஃபியா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "செத்த உண்ணியப் பார்த்தப்பவே நான் திருப்பிக் கேட்டிருக்கணும்மா. பூத்தண்ணின்னா என்னன்னு. கேக்கல. தப்பு என் பக்கமும் இருக்கு."

"நான் சொன்னது அப்படி," என்றாள் கண்ணம்மாள்.

பிறகு ரஃபியா, ஒன்றை ஒன்று தொட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். உண்ணிக்கென்றே மாத்திரை இருக்கிறது, பிடரியில் சொட்டுவிடும் மருந்தும் இருக்கிறது, நாயின் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஆட்டுக்கு வாங்கியதையோ மாட்டுக்கு வாங்கியதையோ கண் அளவில் ஊற்றக் கூடாது. பிடுங்குகிற உண்ணியை விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அது படுக்கிற சாக்கிலும் சுவர் வெடிப்பிலும் முட்டையிட்டுக் கிடக்கும், சாக்கை எரித்துவிட்டு வெடிப்பைப் பூச வேண்டும். தினமும் ஒருதரம் காதையும் விரலிடுக்கையும் வாலடியையும் தடவிப் பார்த்தாலே போதும், பாதி நோய் அண்டாது. வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டாள்.

"குட்டியில ஒண்ணு போட்டோம்."

"வருசா வருசம் போடணும். தேறினதும் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வாரோம்மா," என்றார் வேலுசாமி. பேன் ஏறினால் ஆம்புலன்சா என்று கேட்டவர் அவர்தான் என்று நம்புவது கஷ்டம்.

கண்ணம்மாளை ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். பொழுது சாய்ந்திருந்தது. சின்னாளபட்டி தாண்டியதும் வேலுசாமி வெளியே பார்த்துக்கொண்டே, "நான் அந்தப் பேரை வச்சிருக்கக் கூடாது" என்றார்.

"நான்தான வைக்க வச்சேன்," என்றாள் அவள்.

மறுநாள் விடியலில் அவள் நெற்றியில் விளக்கைக் கட்டினாள். "நீ இரு. சோடா வந்த பெறகு வா. இல்லேன்னா நான் முன்னால நடக்குறேன்," என்றார் வேலுசாமி.

"வேண்டாம். நீங்க போய்க் கூடையை எறக்குங்க."

வரப்பு முனையில் கால் வழக்கம்போல நின்றது. முன்னால் ஓட ஒன்றுமில்லை. விளக்கு வெளிச்சத்தில் மோட்டார் ரூம் கதவு, வண்ணம் உரிந்த ஒரு தகரக் கதவாக மட்டுமே தெரிந்தது. அவள் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றாள். "பொம்மையா, மருந்தைக் குடிச்சிட்டியேடா" என்றாள். மூன்று வருடத்தில் அவனிடம் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். பிறகு பாத்திக்குப் போனாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியே போனாள்.

பறிக்க வந்த பெண்கள் ஏற்கெனவே குனிந்திருந்தார்கள். மாலதி என்பவள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், மேற்கோரப் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய் மாலதி, அந்த நாலு பாத்தியிலயும் எறங்காத. வெளிய வா."

"ஏங்க்கா? மொட்டு நல்லா தெரண்டு நிக்குதே."

"முந்தாநாள் சாயங்காலம் அதுல மருந்து அடிச்சிருக்கு."

பாத்தியில் கைகள் நின்றன. மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலதிக்கு மட்டும்தான் பழைய கதை தெரியாது. "மருந்தா? நேத்து அண்ணன் பூத்தண்ணின்னுல்ல சொன்னாக? நான் பூ வாடாம இருக்கத் தெளிக்கிற தண்ணியாக்கும்னு நினைச்சேன். நேத்துகூட இதுலதான பறிச்சேன். பறிச்ச கையோட இட்லிய வேற தின்னேன்."

கண்ணம்மாள் அவள் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியக்கூடியதும் அல்ல. "போய் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு. தலை கிலை சுத்துனா உடனே சொல்லு, ஒளிக்காத."

கூடையோடு வந்த வேலுசாமி வரப்பிலிருந்தே கத்தினார். "என்னத்துக்கு நிக்கிறீக? வெயில் ஏறுதுல்ல?"

"அந்த நாலும் இன்னிக்குப் பறிக்கல."

"பறிக்கலேன்னா? சாயங்காலத்துக்குள்ள மலர்ந்து போகுமே. மலர்ந்த பூவ எவன் வாங்குவான்?"

"மலரட்டும்," என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கூடையைக் கிழக்குப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பத்து மணிபோல ரஃபியா போன் செய்தாள். சோடா தண்ணீர் குடித்திருக்கிறது, சோறு இன்னும் தொடவில்லை, காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கண்ணம்மாள் கேட்டுக்கொண்டாள். மாலதி கையைக் கழுவியதையும், அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதையும் அவளாகவே டாக்டரிடம் சொன்னாள்.

பொழுது இறங்கியதும் அந்த நாலு பாத்தியும் பறிப்பாரில்லாமல் விரிந்தன. அந்தத் தோட்டத்தில் மல்லிகை செடியிலேயே மலர்ந்து யாரும் பார்த்ததில்லை. மொட்டாகவே கூடைக்குள் போய், யார் யார் தலையிலோ மலர்கிற பூ அது. வேலுசாமி வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, "அம்புட்டும் வீணாப் போச்சு" என்று முனகினார். கண்ணம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்சம் கழித்து அவரே, "வாசம் வீடு வரைக்கும் வருமோ?" என்றார்.

"காத்து அந்தப் பக்கம் திரும்புனா வரும்," என்றாள் அவள்.